கப்பல் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டீர்களா?

ஒரே கப்பலில் பணியாற்றிய கடற்படைக்காரர்கள் ஓய்வுக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து சங்கம் வைப்பது நம் ஊரில் இப்போது பரவலாக நடக்கிறது. தொடங்குவது பெரிய வேலை இல்லை. முதல் கூட்டத்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள், பழைய படங்கள் கைமாறும், யாராவது அழுதும்விடுவார்கள். மூன்றாம் ஆண்டில்தான் சங்கத்தின் உண்மையான நிலை தெரியும். வந்த முகங்களே வரும், அதிலும் பாதி குறையும். அப்போதுதான் "நீங்கள் கொஞ்சம் இளையவர், கம்ப்யூட்டர் தெரியும்" என்று சொல்லி ஒருவர் தலையில் செயலாளர் பதவியைக் கட்டுவார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒருவருக்காக.

பேச வசதியாக ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். ஐ.என்.எஸ். ராஜ்புத் 1980 மே 4 அன்று அன்றைய சோவியத் நாட்டில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கேப்டன் ஹிராநந்தானி அதன் முதல் கட்டளை அதிகாரி. 1988 வரை மேற்குக் கரையில் இருந்துவிட்டு விசாகப்பட்டினத்துக்கு மாறியது. 2021 மே 21 அன்று, கொரோனா காலம் என்பதால் பெரிய கூட்டமின்றி, விசாகப்பட்டினத்திலேயே பணி ஓய்வு பெற்றது. 41 ஆண்டுகள், 31 கேப்டன்கள். ஒரு நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏறியிருந்த கப்பல். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள் என்றால் அதில் பணிபுரிந்தவர்கள் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் உங்கள் சங்கத்தின் கையில் எத்தனை பெயர் இருக்கிறது?

முதல் வேலை: பெயர்ப் பதிவேடு

பெரும்பாலான சங்கங்களில் பதிவேடு என்று ஒன்றும் இருக்காது, வாட்ஸ்அப் குழுதான் இருக்கும். அந்தக் குழுவைச் சங்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பேசுபவர்கள் பதினைந்து பேர், பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நூறு பேர். எண் மாற்றியவர், ஸ்மார்ட்போன் இல்லாதவர், கோபித்துக்கொண்டு வெளியேறியவர் எவரும் அதில் இல்லை. சங்கத்துக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும், ஆனால் நோட்டு அவசியம். பெயரை, பணி முடிந்தபோது கடற்படை தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள். பக்கத்திலேயே கப்பலில் அவரை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. "எஸ். ராஜேந்திரன்" என்றால் யாருக்கும் ஞாபகம் வராது, அந்தப் பெயரில் நாலு பேர் இருந்திருப்பார்கள். பட்டப்பெயரைச் சொன்னால் மறு விநாடியே "அட, அவனா? இன்னும் இருக்கானா?" என்பார்கள். அப்புறம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை கப்பலில் இருந்தார், எந்தப் பிரிவு, எந்த மெஸ் (கப்பலில் உண்டு உறங்கிய பகுதி) என்று எழுதுங்கள். ஆண்டு தப்பாகச் சொல்வார்கள், மெஸ்ஸைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

தொலைபேசி எண் இரண்டு வாங்குங்கள். ஒன்று அவருடையது, இன்னொன்று மனைவி அல்லது மகன் மகளுடையது. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டாவது எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடற்படை எண் ஆகியவை பதிவேட்டில் வேண்டாம். சங்கத்துக்கு அவை தேவையில்லை. நோட்டு தொலைந்தால் வம்பு.

விட்டுப்போனவர்களை எங்கே தேடுவது? பழைய குரூப் போட்டோதான் முதல் இடம். கப்பலின் முழு ஆட்களும் வரிசையாக நின்று எடுத்த படம் யார் வீட்டிலாவது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிப் பெயர் வந்துவிடும். அடுத்தது இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனைக் காத்திருப்பு அறை, படைவீரர் கேன்டீன் வரிசை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அனுமதி கேட்டு அங்கே ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டுங்கள். கப்பலின் பெயர் பெரிய எழுத்தில், ஒரே ஒரு போன் எண், வேறு எதுவும் வேண்டாம். அரக்கோணம், விஜயநாராயணம் போலக் கடற்படைத் தளம் உள்ள ஊர்ப் பக்கம் நம் ஆட்கள் அதிகம் நடமாடுவார்கள். மும்பை மான்குர்த்தில் உள்ள மாலுமிகள் பணியகத்துக்கு எழுதி மற்றவர்களின் முகவரியைக் கேட்க வேண்டாம். அவரவர் தங்கள் சொந்த ஆவணம் தொடர்பாக எழுத வேண்டிய இடம் அது.

இரண்டாவது: போன் செய்கிறவர்கள்

பதிவேடு தயாரானதும் அதைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்குப் பத்துப் பெயர், அதற்கு மேல் வேண்டாம். ஊர்வாரியாகப் பிரிப்பதைவிடக் கப்பலில் இருந்த பிரிவுவாரியாகப் பிரிப்பது நல்லது என்பது என் எண்ணம். எஞ்சின் அறையில் வேலை செய்தவரை எஞ்சின் அறைக்காரர் கூப்பிடட்டும். சமையல்கட்டில் இருந்தவரை அங்கே இருந்தவர் கூப்பிடட்டும். பேச விஷயம் தானாக வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு அழைப்பு போதும். சந்தா கேட்பதற்காகவோ கூட்டத்துக்கு அழைப்பதற்காகவோ மட்டும் கூப்பிடாதீர்கள். "என்ன சீஃப், முழங்கால் எப்படி இருக்கு?" என்று ஒரு மூத்த மாலுமியிடம் ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஓடும். முடிந்ததும் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். கண் அறுவை செய்யப்போகிறார், பேத்திக்குக் கல்யாணம், குரல் சரியில்லை. இப்படி ஒரு வரி. இரண்டு முறை தொடர்ந்து எடுக்காதவர் பெயர் உங்களிடம் வர வேண்டும். அவர் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர் யாரையாவது நேரில் அனுப்புங்கள்.

இது சலிப்பான வேலைதான். விழா எடுப்பதற்கு ஆள் கிடைப்பார்கள், இதற்குக் கிடைக்க மாட்டார்கள். ஆனால் சங்கத்தில் ஒன்றை மட்டும்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், விழாவை விட்டுவிடுங்கள்.

சார், சீஃப், மச்சி

கப்பல் சங்கத்துக்கு மற்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நேவி ஃபவுண்டேஷன் அதிகாரிகளுக்கானது. மாலுமிகளுக்குத் தனி அமைப்புகள் இருக்கின்றன. கப்பல் சங்கத்தில்தான் இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் உட்கார வேண்டும். முன்னாள் கேப்டன் ஒருவர் வாட்ஸ்அப்பில் உத்தரவு பாணியில் ஒரு வரி எழுதினால் போதும், முப்பது ஆண்டுக்கு முந்தைய கசப்பெல்லாம் மேலே வந்துவிடும். மறுபக்கம், "இப்ப நீயும் நானும் ஒண்ணுதான்" என்று ஒரு மாலுமி கூட்டத்தில் சத்தம் போட்டால் அடுத்த முறை அதிகாரிகள் வர மாட்டார்கள்.

நடைமுறையில் ஒத்துவரும் ஏற்பாடு இது. மூத்த அதிகாரி ஒருவரைப் புரவலராக வையுங்கள். கடற்படை அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதவும், தளத்துக்குள் நுழைய அனுமதி வாங்கவும் அவர் பெயர் பெரிதும் உதவும். செயலாளரும் பொருளாளரும் மாலுமிகளில் இருந்தே வரட்டும். தலைவர் பதவி மாறி மாறிப் போகட்டும். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு விதி போடாதீர்கள். "சார்" என்று சொல்லிப் பழகியவர் சொல்லட்டும், சீஃபை "சீஃப்" என்றே கூப்பிடட்டும், ஒரே பேட்ச்காரர்கள் மச்சி மாப்ளை என்று பேசிக்கொள்ளட்டும். சாப்பாட்டு மேசையில் மட்டும் பிரிவு கூடாது. பாராகானா எனும் பெரிய விருந்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் கப்பலிலேயே இருந்ததுதானே, அதையே தொடருங்கள். முன்வரிசை நாற்காலியை வயதானவர்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் ஒதுக்கினால் பதவிச் சண்டை பாதி குறையும்.

வாட்ஸ்அப் குழுவுக்குச் சில கட்டுப்பாடுகள்

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுத முடியும்: இறப்புச் செய்தி, கூட்டம், பென்ஷன் தகவல். மற்றொன்று அரட்டைக்கு. காலை வணக்கப் படங்கள் அங்கே போகட்டும். அரசியலும் மதமும் இரண்டிலும் வேண்டாம். முதல் முறை தனியாகப் போன் செய்து சொல்லுங்கள், இரண்டாம் முறை நீக்குங்கள்.

கப்பலில் இந்திதான் பேச்சுமொழியாக இருந்திருக்கும். மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி, ஒடியா என்று எல்லோரும் குழுவில் இருப்பார்கள். எழுதுவதைவிடக் குரல்பதிவு நன்றாகப் போய்ச்சேரும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தமிழில் தனியாக ஒரு கிளைக் குழு வைத்தால் வீட்டுப் பெண்களும் படிப்பார்கள், அது முக்கியம்.

புதிதாக ஒருவர் சேர வந்தால் பழைய ஆள் ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று சொன்ன பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். முகநூலில் போலிப் பெயரில் பழகித் தகவல் கறந்த வழக்கு ஒன்றில் கடற்படை மாலுமிகள் சிலர் கைதான பிறகு, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை வந்தது. ஓய்வு பெற்றவர்தானே என்று அலட்சியம் வேண்டாம். கப்பலின் கருவிகள், இப்போது பணியில் இருக்கும் மகன் அல்லது மருமகன் எந்தக் கப்பலில் எங்கே போகிறார் என்பதெல்லாம் குழுவில் வரவே கூடாது. அலுவல் இரகசியச் சட்டம் ஓய்வோடு முடிந்துவிடுவதில்லை.

பதிவும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகம். ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பெயர் வைக்கும்போது அரசு அமைப்பு என்ற தோற்றம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் அதைத் தடுக்கிறது. "ராஜ்புத் கப்பல் முன்னாள் கடற்படையினர் நலச் சங்கம்" என்பதுபோல் வைத்தால் குழப்பமில்லை.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பொருளாளரின் ஜிபே எண்ணுக்கு வரக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஆயுள் சந்தா வாங்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டு பணம் குவியும், அப்புறம் வரவே வராது. ராஜ்புத் போல் பணி ஓய்வு பெற்ற கப்பலுக்குப் புது உறுப்பினர் பிறக்கப்போவதில்லை. அதனால் சிறிய ஆண்டுச் சந்தாவே நல்லது. அதை வாங்கும் சாக்கில் ஒரு போன் பேச்சும் நடக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, "உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம்" என்று உறுதி கொடுப்பது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். பத்து ஆண்டு ஒரு சாவும் இருக்காது, பிறகு ஒரே ஆண்டில் ஆறு ஏழு வரும். கடைசியாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. நிதி இருப்பதைப் பொறுத்து உதவி என்று மட்டும் விதியில் எழுதுங்கள்.

ஆண்டுக் கூட்டம்

எந்த நாளில் வைப்பது? டிசம்பர் 4 கடற்படை நாள்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த வாரம் பெரியவர்களுக்குப் பல இடங்களில் அழைப்பு இருக்கும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். நமக்கு அது போகியும் பொங்கலும் வரும் நேரம், ஒருவரும் வர மாட்டார்கள். கப்பலின் சொந்த நாள்தான் நியாயமானது. ராஜ்புத்துக்கு அது மே 4. அக்னி நட்சத்திர வெயிலில் எண்பது வயதுக்காரரை ரயிலேற்றுவதா என்று யோசியுங்கள். அன்று போனில் வாழ்த்தும் ஊர் ஊராகச் சின்ன டீ சந்திப்பும் போதும். பெரிய கூட்டத்தை வேறு மாதத்தில் வைக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபம் மலிவாகக் கிடைக்கும். ஆடியில் மாலை போட்டவர்கள் தொல்லை இல்லை. மார்கழியில் வைத்தால் கூட்டத்தில் பாதிப் பேர் ஐயப்பன் விரதத்தில் இருப்பார்கள், பாராகானா சாம்பார் சாதமாகிவிடும். கேன்டீன் ரம்மை மண்டபத்தில் பரிமாறும் யோசனை எப்போதும் யாரிடமிருந்தாவது வரும். அனுமதி இல்லாமல் அது சட்டச் சிக்கல், வேண்டாம் என்று செயலாளரே சொல்லிவிடுவது நல்லது.

விசாகப்பட்டினம் போன்ற வெளியூரில் வைப்பதானால் நான்கு மாதம் முன்பே தேதியைச் சொல்லுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தக் காலை உட்கார்ந்து பதிவு செய்துகொடுக்க இளையவர்கள் இரண்டு பேரை நியமியுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-இல் நின்றது, இன்னும் வரவில்லை என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலில் உரைகளைக் குறையுங்கள். உறுப்பினர்கள் வருவது பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசத்தான். மைக் அதற்கு இடைஞ்சல். இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு நிமிடம் நிற்பதை மட்டும் விடாதீர்கள்.

உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டிய காகிதங்கள்

சங்கத்தால் ஒரு குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி மாலை வைப்பது அல்ல. குடும்ப ஓய்வூதியம் தடையில்லாமல் வருவதற்கு வழி செய்வது. நம் பெயர்களில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் "கே. முருகன்". ஆதாரில் இனிஷியலை விரித்து "முருகன் கருப்பையா". மனைவி பெயர் ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லட்சுமியம்மாள், பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் போட்டது ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று. கணவர் இருக்கும்போது இதைத் திருத்துவது சில மாத வேலை. அவர் போன பிறகு அந்த அம்மா தனியாக அலைய வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரமாக ஒரு மேசை போடுங்கள். ஓய்வூதிய ஆணையின் நகல், ஆதார், டிஸ்சார்ஜ் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். ஸ்பார்ஷ் எனும் படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் நுழையத் தெரிகிறதா, ஆண்டு வாழ்வுச் சான்று கொடுத்தாயிற்றா, இ.சி.எச்.எஸ். அட்டையில் மனைவி பெயர் இருக்கிறதா என்பதையும் அவரே கேட்கட்டும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் மட்டும் யாரும் வாங்கக் கூடாது, சங்கத்து ஆளாக இருந்தாலும். வாழ்வுச் சான்று என்று சொல்லிப் போனில் ஏமாற்றுகிறவர்கள் இப்போது நிறைய.

இறப்புச் செய்தி வந்தால், பக்கத்தில் இருப்பவர் அன்றே போக வேண்டும். மாலையில் கப்பல் பெயர் இருக்கட்டும். தேசியக் கொடியைப் போர்த்த ஆசைப்படுவார்கள். அரசு, ராணுவ, மத்திய ஆயுதப்படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டுமே அது அனுமதி, தனியார் முறையில் கூடாது என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒருவர் மறுபடி போய் காகித வேலையைத் தொடங்கட்டும், முதல் ஓய்வூதியம் கணக்கில் விழும் வரை கூடவே இருக்கட்டும். பதிவேட்டில் கணவர் பெயரை அடித்துவிட்டு விடாதீர்கள். அந்த அம்மாவின் பெயரில் புது வரி போட்டு, முழு உறுப்பினராக, வாக்குரிமையோடு வையுங்கள்.

கதைகளைச் சேர்ப்பது

எண்பதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள். ராஜ்புத்தின் முதல் அணியில் சோவியத் நாட்டுக்குப் போனவர்கள் இப்போது அறுபதின் பின்பகுதியில் இருந்து மேலே. பேரன் அல்லது பேத்தி கையில் போனைக் கொடுத்துத் தாத்தாவைப் பேசச் சொன்னால், நீங்கள் கேட்பதைவிட நன்றாக வரும். "சாதனையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். முதல் நாள் எங்கே படுத்தீர்கள், புயலில் சமையல் எப்படி நடந்தது, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். 1987-க்குப் பின் அமைதிப்படைக் காலத்தில் ராஜ்புத் இலங்கைக் கடற்பகுதியில் ரோந்து சென்றது, 1988-இல் மாலத்தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை முறியடித்த நடவடிக்கையிலும் இருந்தது. அந்த இலங்கை நாட்களைப் பற்றித் தமிழ் மாலுமிகளுக்கு மனதில் வேறு பாரமும் இருக்கும். குழுவில் போட்டு விவாதித்தால் சண்டையில்தான் முடியும். தனியாகப் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள். படங்களின் பின்னால் ஆண்டு, இடம், பெயர் எழுதி ஸ்கேன் செய்து, மூன்று வீடுகளில் பிரதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களும் அடுத்த செயலாளரும்

பதினைந்து ஆண்டுப் பணி முடித்து முப்பத்துச் சொச்ச வயதில் வெளியே வருபவர் துறைமுகத்திலோ வங்கியிலோ வேலையில் இருப்பார், வார நாளில் வர மாட்டார். அவருக்குப் பழங்கதை வேண்டாம், வேலை விவரம் வேண்டும். எந்தத் தேர்வில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு, எந்தச் சான்று எங்கே வாங்குவது. அதைக் குழுவில் போட ஆரம்பித்தால் அவர் தானாக ஒட்டிக்கொள்வார்.

கப்பல் இன்னும் பணியில் இருந்தால் விதிகளில் "ஓய்வூதியம் பெறுபவர்" என்று எழுதாமல் "இந்தக் கப்பலில் பணியாற்றியவர்" என்று எழுதுங்கள். நான்கு ஆண்டு முடித்து வெளியே வரும் அக்னிவீரர்களும் அப்போது உள்ளே வர முடியும். கப்பல் போய்விட்டது, ஆனால் அதே பெயரில் புதுக் கப்பல் வந்திருக்கிறது என்றால் அதில் பணியாற்றியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1961-இல் சேர்ந்த பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்று, பிறகு உடைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அதே பெயரில் புதியது வந்தது. 1971-இல் மூழ்கிய குக்ரியின் பெயரை 1989-இல் இன்னொரு கப்பல் ஏற்றது, அதுவும் 2021-இல் ஓய்வு பெற்று இப்போது டையூவில் இருக்கிறது.

பெயர் தொடராத கப்பலுக்கு உறுப்பினர் பட்டியல் ஒரு நாள் முடியத்தான் போகிறது. அதையும் விதியில் எழுதிவிடுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தால் சங்கத்தைக் கலைப்பது, மீதிப் பணம் எந்த நலநிதிக்குப் போவது, கப்பலின் சின்னம் பொறித்த பலகையும் படங்களும் எந்த அருங்காட்சியகத்துக்குப் போவது. இதைப் பேசினால் அபசகுனம் என்பார்கள் சிலர். பேசாத சங்கங்களில் அந்தப் பலகை கடைசிப் பொருளாளரின் பரணில் கிடக்கிறது, அவர் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது.